சங்கு குளிப்பவர்களின் ரத்தம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் துறையைத் தொடங்கியபோது, இந்தக் கரையோர மக்களின் நோய்களை ஆராய்வதும் அதையே மாணவர்களுக்குப் பாடமாக்குவதும்தான் நோக்கம் என்றார்கள். அதை நம்பித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் முதல் ஆய்வு சங்கு குளிப்பவர்களின் எலும்பைப் பற்றியது. காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டுச் சட்டென்று மேலே வருகிறவர்களுக்கு ரத்தத்தில் குமிழ்கள் உண்டாகும். அவை இடுப்பெலும்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிட்டால் எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். வலி தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதற்கு முன்பே ரத்தத்தில் ஏதாவது அடையாளம் கிடைக்கிறதா என்று பார்க்க நினைத்தேன்.

சங்கு குளிப்பவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் முதலில் யாரும் ரத்தம் தரவில்லை. இடுப்பு போய்க் கம்பு ஊன்றி நடந்த ஒருவர்தான் கையை நீட்டினார். பிறகு அவரே வீடு வீடாகப் போய் மற்றவர்களைக் கூட்டிவந்தார். தயங்கிய தன் தம்பியிடம், "ஏலே, எனக்கு ஆனது ஆயிட்டு. உனக்காவது முன்னாடியே தெரியட்டும்" என்றார்.

அவர் மனைவி என்னிடம், "முடிவு எப்பம்மா வரும்?" என்று கேட்டாள்.

"ஆறு மாசத்துல நானே வந்து சொல்லுதேன்."

அந்தப் பொங்கல் விடுமுறையில் எங்கள் கட்டடத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இணைப்பு கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன், தரவில்லை. திரும்பிவந்து உறைபெட்டியைத் திறந்தபோது அடியில் தண்ணீர் நின்றது. ரத்தம் இருந்த குழாய்கள் வெதுவெதுப்பாக இருந்தன.

"மேடம், மறுபடி உறைய வச்சா ஆகாதா?" என்றாள் ஒரு மாணவி. ஏன் ஆகாது என்பதை ஒழுங்காக விளக்கினேன். அன்று நான் எடுத்த ஒரே வகுப்பு அதுதான்.

"திட்டக் காலம் முடிஞ்சுட்டு. புதுசா எழுதிப் போடுங்க" என்றார் துறைத்தலைவர். நிதி கேட்டு இருமுறை எழுதினேன். முதற்கட்டத் தரவு இல்லை என்று இருமுறையும் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டைக்கையை மேலே சுருட்டினார். "அதுக்கென்ன, இன்னொரு தடவ எடுத்துக்கிடுங்க."

"தம்பி கடலுக்குப் போயிருக்கான். சாயங்காலம் வந்துருவான், இருந்து எடுத்துட்டுப் போங்கம்மா" என்றாள் மனைவி.

"இனிமே எடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. ஆய்வை நிறுத்திட்டாங்க."

சுருட்டிய கையை அவர் இறக்கிவிடவில்லை. "பொறவு எதுக்கும்மா நான் இம்புட்டு பேரக் கூப்பிட்டேன்?"

 தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் அவர் மனைவி போனில் அழைத்தாள். தம்பிக்கு இடது இடுப்பில் வலியாம். உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னேன், அதுவரை கடலுக்கு அனுப்ப வேண்டாம் என்றேன்.

"இன்னைக்கும் போயிருக்கான். வேற என்னம்மா வேல தெரியும் அவனுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.