கைதட்டலுக்குப் பிறகு

சுவிட்சர்லாந்தின் லுசேர்ண் ஏரிக்கரை ஓட்டலில், ஐரோப்பியப் பிரமுகர்கள் கூடிய மாநாட்டில், ஆப்பிரிக்க நாடொன்றின் முன்னாள் அதிபர் பேசுகிறார். "உலக நீதிக்கான விதிகளை நீங்கள் எழுதினீர்கள், நாங்கள் நம்பினோம். இப்போது நம்புவது நாங்கள் மட்டும்தான்." கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள்.

காப்பிக் கோப்பைகளை அடுக்கும் யாழ்ப்பாணத்துச் சிவத்திடம், "அவர் சொல்வது சரியா?" என்று கேட்கிறேன்.

"ஓம் அண்ணை. அந்த விதியாலதான் இந்த நாட்டில என்னை அகதியா ஏற்றுக்கொண்டவை. போன மாசம் அக்காவின்ர மகனை இலங்கைக்கே திருப்பி அனுப்பிப்போட்டினம்."

மேடையோரம் தனியே நிற்கும் அதிபருக்குக் காப்பி கொண்டுபோகிறார் சிவம். என்னிடம் சொன்னதையே அவரிடம் ஆங்கிலத்தில் சொல்கிறார்.

அதிபர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட பையனின் பெயரைக் கேட்கிறார். சிவகுமாரன் என்று சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார். காப்பி ஆறிவிடுகிறது.