மூத்தவளுக்கு ஒரு பெயர்

என் தம்பி வேல்ஸ் நாட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். அங்கே பிரசவ வார்டில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவளுக்கு ஆறாவது மாதம் நடந்தபோது இருவரும் ராஜபாளையத்துக்கு வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு நான்தான் பிறந்த வீடு. அதனால் வளைகாப்பு எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று.

காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற மில்லில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்ப்பதால் எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். ஆனால் அவர்கள் ஊருக்கென்று தனியாக ஒரு பாஷை உண்டு, அவள் தாய் வீட்டில் அதைத்தான் பேசுவார்கள் என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அங்கே எடுத்த ஸ்கேனில் பெண்பிள்ளை என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்கு அந்தப் பாஷையில்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

வந்த அன்று சாயங்காலம் என் கணவர் சப்பட்டை மாம்பழம் நறுக்கிக் கொடுக்க, அவள் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ‘ஹாவ்’ என்றால் கோடைகாலம்.

“வெயிலுக்கா பேரு வைப்பாக?” என்றார் கணவர். “இங்க எவனாவது பிள்ளைக்கு அக்கினி நட்சத்திரம்னு பேரு வைப்பானா மாப்ள?”

“அங்க வெயிலடிச்சா கல்யாண வீடு மாதிரி எல்லாரும் வெளிய வந்து உக்காந்திருவாக அத்தான்” என்றான் தம்பி.

‘எய்ரா’ என்றால் பனி. இவர் காதில் அது அயிரை என்று விழுந்தது. “கொழம்பு வைக்கிற மீனு பேரையா வைக்கப் போறீக?” என்று கேட்க, தம்பி அதை அவளுக்கு விளக்கிச் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசியாக, தனக்கு ரொம்பப் பிடித்தது என்று ஒன்றைச் சொன்னாள். ‘அவெல்’. இளங்காற்று என்று பொருள். இவர் அதை அவல் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் சிரிப்புதான். ஆனாலும் அவர்கள் இருவரும் அநேகமாக அந்தப் பெயரைத்தான் முடிவு செய்திருந்தார்கள்.

மறுநாள் வளையல் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ரத வீதியில் ஒரு கடை. கடைக்கார அம்மா அவள் கைக்கு அளவு பார்த்து இரண்டு பச்சை வளையலை எடுத்து, “மொத வளையல நீங்க போட்டு விடுங்க” என்று என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே போடுங்க” என்று நான் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவளும், பிள்ளை இல்லாதவளும் முதல் வளையல் போட மாட்டார்கள். யாரும் சொல்வதற்கு முன்னால் நானாகவே ஒதுங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

திரும்பி வரும்போது தம்பி கார் ஓட்டினான். அவள் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஏன் விலகிப் போனார்கள் என்று அவனிடம் கேட்டாள். அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். எனக்கு ஒரு பெண்பிள்ளை நிறைமாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது, அதற்குப் பிறகு பிள்ளை தங்கவில்லை என்று.

அவள் என் பக்கம் திரும்பி, “அந்தப் பிள்ளை பேர் என்ன அக்கா?” என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எப்படி ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள், எந்த டாக்டர் என்று கேட்டிருக்கிறார்கள். பேரைக் கேட்டதில்லை.

“பேரு வைக்கல” என்றேன். “மொகத்தக்கூட எனக்குக் காட்டல.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னுடைய வார்டில் அப்படிப் பிறக்கும் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, தாய் கையில் கொடுப்பார்களாம். பேர் கேட்பார்களாம். அந்தப் பேரைச் சொல்லித்தான் பிள்ளையைத் தூக்குவாளாம் அவள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன்.

சமையலறையில் கணவரிடம் இதைச் சொன்னேன். “காலைல தோப்புக்குப் போவோம், அவியளையும் கூட்டிட்டு” என்றார்.

எங்கள் தென்னந்தோப்பு சேத்தூர் பக்கம் இருக்கிறது. பிள்ளையை அங்கேதான் புதைத்தார்கள் என்று தெரியும். எந்த இடம் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்கு நேராக நடந்துபோய் இரண்டு மரங்களுக்கு நடுவில் நின்றார். சுற்றிலும் உழுது கிடந்தது. அந்த இடத்தில் மட்டும் புல் வளர்ந்திருந்தது.

“இதுல ஏர் ஓட்ட விடுறதில்ல” என்றார்.

மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. புல் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. யோசிக்காமல் என் வாயில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

“அவெல்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது அவள் தன் பிள்ளைக்கு எடுத்து வைத்த பெயர். “தெரியாம சொல்லிட்டேன்த்தா, அது ஒம்பிள்ளைக்கு” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். தெரிந்த தமிழை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சொன்னாள்: “இல்ல அக்கா. இவ மூத்தவ. மூத்தவளுக்குத்தான் முதல்ல பேரு.”

தம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கணவர் அவளைப் பார்த்து, “இன்னொரு தடவ சொல்லும்மா, எனக்கு வாயில நிக்கல” என்றார். அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. குனிந்து புல்லின்மேல் உள்ளங்கையை வைத்து, யாரையோ எழுப்புகிற மாதிரி மெதுவாக ஒரு தடவை கூப்பிட்டார்.

வளைகாப்பன்று முதல் வளையலுக்கு அவள் என்னைத் தவிர வேறு யாரிடமும் கையை நீட்டவில்லை. சொந்தக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் போட்டு விட்டேன்.

ஐப்பசியில் அங்கே அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வீடியோவில் காட்டினார்கள். ‘செரென்’ என்று பெயர். அவர்கள் பாஷையில் நட்சத்திரம். தம்பியின் மூக்கு, அவளுடைய நிறம். என் கணவர் போனை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்தார்.

“ஏட்டி, மாமா பேசுதேன். இங்க நல்ல மழை. நீ எப்ப வாரே?” என்றார்.

பிள்ளை கொட்டாவி விட்டது.