உயிரோடு இருந்தவருக்கு ஒரு ஒப்பாரி

நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பேச்சியம்மாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசை அவள் ஒரு பார்வை பார்த்தாலே கணக்கப்பிள்ளைக்கு வியர்த்துவிடும். அக்கரப்பத்தனையில் பிறந்து தொழிலாளர் வரிசை வீடுகளான இந்த லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் புருசன் சிவசாமிக்கும் அவளிடம் கிடைத்தது அதே வாய்தான். அவர் மேல் ஆசை இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல மட்டும் நாக்கு வளையவில்லை, ஏசத்தான் வளைந்தது. அவரும் சிரித்துக்கொண்டே தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்.

போன வருஷ மழைக்காலத்தில் நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறிய சிவசாமி வழுக்கி விழுந்தார். தலையில் பலத்த அடி. பல வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, நினைவு திரும்புமா என்று மட்டும் சொல்ல முடியாது என்று வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அலைச்சலில் பேச்சியம்மா வழியெல்லாம் அசந்து தூங்கிவிட்டாள். லயத்து வாசலில் வேன் நின்றது. நீட்டிப் படுத்திருந்த ஆளைக் கண்ட பெண்கள் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா? விசாரிக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் விழித்தவள், வழியிலேயே போய்விட்டார் என்றே நம்பிவிட்டாள்.

ஒப்பாரிக்கு ஒரு சலுகை உண்டு. வாழ்நாள் முழுக்கச் சொல்லாததை அதில் சொல்லலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். பேச்சியம்மாவும் சொன்னாள். மழையில் நான் வரப் பிந்தினால் பாதி வழிக்கு வந்து நின்ற ராசாவே என்றாள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிய கையே என்றாள். என் தங்கமே என்று அவர் நெஞ்சில் விழுந்தபோது, சிவசாமி இருமினார்.

தோட்டம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பேச்சியம்மாவும் கூடச் சிரித்தாள். பிறகு குழாய் வழியே கஞ்சி, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது என்று நாட்கள் ஓடின. அவர் கண் திறக்கும், எதையும் பார்க்காது. காதும் கேட்காது என்ற தைரியத்தில், கூரை ஒழுகுவதற்குக்கூட அவரையே ஏசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் லோஜினி வந்தாள். போனில் பார்த்த ஒரு செய்தியைச் சொன்னாள். வெளிநாடுகளில் இப்படி அசைவில்லாமல் கிடப்பவர்களின் மூளையைக் கருவி வைத்துப் பார்த்தார்களாம். கையைத் திறந்து மூடுங்கள், டென்னிஸ் விளையாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். யாருக்கும் கை அசையவில்லை. ஆனால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, சொன்னதைக் கேட்டு மூளை உள்ளுக்குள் வேலை செய்ததாம். அப்பாவும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது, அந்தச் சோதனையும் இங்கே பக்கத்தில் கிடையாது என்பதையும் அவள் மறைக்கவில்லை.

டென்னிசை இவர் எங்கே கண்டார், கவ்வாத்து வெட்டச் சொல்லியிருந்தால் ஒரு மலையையே முடித்திருப்பார் என்று பேச்சியம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்படின்னா, அன்னைக்கு நான் பாடுனது?"

லோஜினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டிருக்கலாம்மா."

அன்றிலிருந்து பேச்சியம்மாவை வெட்கம் பிடித்துக்கொண்டது. பேரன் எடுக்கும் வயதில், புதுப்பெண் மாதிரி அவர் முகத்தைப் பாராமலே உடம்பு துடைத்தாள். மலையில் கை தன்பாட்டில் கொழுந்து பறிக்க, மனம் அவருக்குள் போய் நடந்தது. ஒரு நாள் கீழே பனி எழுந்து லயங்களை ஒவ்வொன்றாக மூடியது. எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று மேலே நிற்பவளுக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் அவர் கத்தியோடு நிரை நிரையாகப் போவதாகத் தோன்றியது. எங்கிருந்தோ வரும் தன் குரலுக்கு நின்று காது கொடுப்பதாகவும் தோன்றியது. அந்தக் குரல் என்ன சொன்னது? ஒரே ஒரு நாள் ராசா என்றது. அதற்குப் பிறகு முழுக்க ஏச்சு. செத்தால்தான் ராசாவா என்று அவர் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டு கிடந்தால்?

அன்று அந்திக்கு வீடு வந்ததும் கதவைச் சாத்தினாள். அவர் காதருகே உட்கார்ந்தாள். ராகம் ஒன்றும் வரவில்லை, சாதாரணக் குரல்தான் வந்தது.

"அன்னைக்கு நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சுதான் ராசான்னேன். இன்னைக்கு உசுரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சே சொல்றேன், ராசா."

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. பேச்சியம்மா சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். கேட்காமல் போயிருக்குமோ என்று இன்னும் கிட்டே குனிந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.