தலை நனைக்காமல் உள்ளே போனவர்

சிட்னியின் நார்த்மீட்டில் வீடு வீடாக வயர் இழுத்த தமிழர் யாரென்று கேட்டால் எவரும் சொல்வார்கள்: அரியரத்தினம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லைசென்சுச் சோதனையில் இங்கிலிசு அவரை இரண்டு தரம் விழுத்தியது. மூன்றாம் தரம் அவர் இங்கிலிசை விழுத்தினார். லைசென்சு அட்டை சட்டைப் பையில், பிள்ளையார் படத்தோடு இருக்கும். "கறண்டுக்கு என்னைத் தெரியும்" என்று மார்தட்டுவார். அது வெறும் வாய்வீச்சு இல்லை என்று சனம் கண்டது எண்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம், மகாதேவனின் தகப்பனாரைத் தகனம் செய்த அன்று.

மகாதேவன் அவருக்கு மனைவி வழியில் சொந்தம். சுடலையிலிருந்து எல்லோரும் திரும்பியபோது விடாத மழை; ஆடி அங்கே குளிர்காலம். செத்தவீட்டுக்குப் போனவர்கள் தலைக்குக் குளித்து, உடுத்ததையும் நனைத்த பிறகே வீட்டுக்குள் கால் வைக்கலாம். ஊரென்றால் கிணற்றடி. இங்கே பின்வாசலோடு ஒட்டிய சலவை அறை. அதற்குள்ளேயே ஒரு ஷவர். முதலில் கொள்ளி வைத்த மகாதேவன். பிறகு பெண்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்து, சேலையை அலசிப் பிழிந்து, சுவரில் தொங்கிய, உடுப்பு உலர்த்தும் ட்ரையருக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். அத்தனையும் வெறுங்கால்.

ஆண்கள் கராஜுக்குள் ஒதுங்கி நின்றார்கள். மகாதேவனின் மனைவி மனோரமா குளித்துவிட்டுத் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். விரல்களைப் பிசைந்தபடி வந்தாள்.

"என்ன பிள்ளை, கைக்கு என்ன?" என்றார் அரியரத்தினம்.

"குளிர் அண்ணை. அந்த மெசின்ர கதவைத் தொட்டா விரல் விறுவிறுக்குது."

"தொட்டா மட்டுமோ?"

"ஓம். கையை எடுத்தா இல்லை."

கறண்ட் கசிகிறது என்று அரியரத்தினத்துக்கு விளங்கியது. "ஆர் அதைச் சுவரில பூட்டினது?"

"இவர்தான். மழை, கனசனம் வரும், உடுப்புக் காயாதெண்டு காலமை தானே பூட்டினவர்."

"இப்ப உள்ளுக்கு ஆர்?"

"உங்கட தனமக்கா."

தனலெட்சுமி! அவருடைய மனைவி. அரியரத்தினம் ஓடிப்போய்ச் சலவை அறைக் கதவில் அடித்தார். "தனம்! மெசினைத் தொடாதை!" உள்ளே ஷவர் இரைந்தது, ட்ரையர் உறுமியது, தகரக் கூரையில் மழை கொட்டியது. அவர் குரல் எங்கே கேட்கும்? கதவை உடைக்கலாம். உடைத்து உள்ளே போனால் அவரும் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். மெயின் சுவிட்ச் வீட்டின் முன்பக்கக் கூடத்தில். தன் வேலை வான் வண்டிக்குள்ளிருந்து டோர்ச்சைப் பறித்துக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார்.

வாசலை மறித்து நின்றார் மகாதேவன், ஈரத் தலையும் புது வேட்டியுமாக.

"அண்ணை, தலைக்குத் தோய்ஞ்சிட்டு வாங்கோ."

"விடும், தம்பி."

"அப்பான்ர படத்துக்கு இப்பதான் விளக்கேத்தினனான். சுடலைக் காலோட, சப்பாத்தோட..."

"ஈரக் காலோட மெயின் சுவிட்சைத் தொட்டா அடுத்த பிரேதம் நான். வழியை விடும்!"

"மெயினை நூக்கப் போறியளோ? செத்தவீட்டை இருட்டாக்கிறதோ?"

அரியரத்தினம் மகாதேவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, சப்பாத்துக் காலோடு கூடத்துக்குள் போய், சட்டையின் உட்புறத்தில் துடைத்த கையால் மெயின் சுவிட்சைத் தட்டினார்.

வீடு இருண்டது. படத்தின் முன்னால் எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது. ட்ரையரின் உறுமல் மெல்ல இறங்கி அடங்கியது. பின்பக்கமிருந்து தனத்தின் சத்தம் இல்லை. சனம் அவரை முறைத்துப் பார்த்தது. அவர் பின்பக்கத்துக்குக் காதைக் கொடுத்து நின்றார்.

"ஆர் லைற்றை நூத்தது?" என்று உள்ளிருந்து தனலெட்சுமி கத்தினாள். "நான் இன்னும் சீலையைப் போடேல்லை!"

அரியரத்தினம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

தனலெட்சுமி உடுத்திக்கொண்டு வந்ததும் டோர்ச்சோடு போய் மெசினைக் கழற்றினார். மெசினின் வயர் எட்டாததால், மகாதேவன் பழைய ரேடியோ வயர் ஒன்றை அதில் முறுக்கி நீட்டியிருந்தார். ரேடியோவுக்கு இரண்டே வயர். மிஞ்சிய பச்சை வயரை மடக்கிக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரால் சுற்றியிருந்தார். சுவரில் இறுக்கிய ஆணியொன்று வயரின் தோலைக் கிழித்து மெசினின் உடம்புக்கே கறண்டைக் கொடுத்திருந்தது.

"இந்தப் பச்சை வயர் என்ன, வடிவுக்கோ?"

"ஊரில அது இல்லாமல் எத்தினை ரேடியோ பாடினது, அண்ணை..."

"ரேடியோவை ஆரும் நனைஞ்ச சீலையோட கட்டிப்பிடிக்கிறேல்லை. இது எர்த், கறண்ட் மண்ணுக்குப் போற வழி. நீர் அந்த வழியை அடைச்சனீர். அது மனோரமான்ர கையால போகப் பாத்தது."

மகாதேவன் மனைவியின் விரல்களைப் பார்த்தார். "அப்பாவை எரிச்ச நாளில இவளும்..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் வாளியைக் கவிழ்த்து அதில் குந்திவிட்டார். அரியரத்தினம் கழற்றிய வயரைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். சுடுதண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. பச்சைத் தண்ணீரில் தலைக்கு வார்த்துவிட்டு வந்து விளக்கின் முன் கும்பிட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முன்னமே, மெசினைத் திரும்பப் பூட்டும் வேலையை அவர் செய்து முடித்தார். கறண்ட் பெட்டியிலிருந்து ட்ரையருக்கென்று தனி லைன். கசிந்தால் உடனே வெட்டும் சேவ்டி சுவிட்ச். தண்ணீர் தெறிக்காத உயரத்தில் பிளக். ஒட்டுப்போடாத ஒரே வயர். மெசினைச் சுவருக்குள் நின்ற மரச் சட்டத்தில் இறுக்கினார். மீற்றர் வைத்து எர்த்தைச் சோதித்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் சோதித்தார்.

மனோரமா கிட்ட வரவில்லை. "அண்ணை, தொடலாமோ?"

"அரியரத்தினம் பூட்டினது, பிள்ளை. சிட்னி முழுக்கத் தேடினாலும் இப்பிடி ஒரு வேலை காணமாட்டாய்." நிமிர்ந்து சொன்னவர், அவள் கை நீண்டதும் பதறிப்போனார். "பொறு, பொறு! முதல்ல கையைத் துடை. செருப்பைப் போடு."