எலுவன்குளத்துக்குப் போன போர்வை

சுகாதாரப் பரிசோதகர் உத்தியோகம் என்பது, அழைக்காத வீட்டுக்குப் போய், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டு, வசவு வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு மாதாமாதம் சம்பளம் தரும் வேலை. கிராம சேவகர்களே, மின்மானி வாசிப்பவர்களே, காப்புறுதி முகவர்களே, வீட்டுக்குள் இருந்துகொண்டே "வீட்டில ஆளில்ல" என்று சொன்ன குரலைக் கேட்டுத் திரும்பி வந்த அத்தனை பேரும் என் கட்சிதான். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கற்பிட்டிக் குடாநாட்டில் பதினெட்டு வருஷமாக நான் பிடித்த மிகப் பெரிய எதிரி, சிரட்டைத் தண்ணீரில் நெளியும் டெங்கு நுளம்பின் குடம்பிப் புழுதான். அப்படிப்பட்ட எனக்கு ஒரு நாள், குரங்கம்மை என்பார்களே, அந்த எம்பொக்ஸ் கிடைத்தது. பயப்படாதீர்கள், உடம்பில் அல்ல, கையிலிருந்த கோப்பில்.

தலைக்கவசத்தோடு ஓடியவன்

காலை எட்டரைக்கு எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி கூப்பிட்டார். அவரை நாங்கள் டொக்டர் மிஸ் என்போம். "ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வந்திருக்கிறார், உடனே வாங்க" என்றார். குறிஞ்சிப்பிட்டி நிஜாம். பதினான்கு மாதத்துக்கு முன், மனைவி மூன்று மாதக் கர்ப்பிணியாக இருக்கையில் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போனவர். திரும்பி வந்து பதினொரு நாள். வந்ததே, கைத்தொலைபேசியில் மட்டும் பார்த்திருந்த எட்டு மாத மகளைத் தூக்கத்தான். ஐந்து நாள் ஆசை தீரத் தூக்கினார். பிறகு காய்ச்சல், அதன் பின் கொப்புளம்.

வீட்டில் எல்லோரும் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, என்றிருக்கிறார்கள். அதுவானால் புதுக் கொப்புளம், பழைய கொப்புளம், காய்ந்தது எல்லாம் கலந்து கிடக்கும். இவருக்கோ ஒவ்வோர் இடத்திலும் எல்லாம் ஒரே அளவு, ஒரே பருவம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்தன. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியதெல்லாம் என் கண்முன்னே உயிரோடு உட்கார்ந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்த என்னிடம் டொக்டர் மிஸ் மெதுவாகச் சொன்னார்: "சந்தோசப்படுறத நிப்பாட்டிப்போட்டு முதல்ல ஹெல்மட்டக் கழட்டுங்க. அவர் வருத்தத்துக்கில்ல, உங்களப் பாத்துத்தான் பயப்படுறார்."

பாரை இருக்கா?

வருத்தம் என்று நாங்கள் சொல்லும் இந்த நோயை இரத்தத்தில் தேடிப் பயனில்லை. கொப்புளத்தையே பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். குச்சியைக் குப்பியில் போட்டு, குப்பியை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் குளிரோடு கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். கொழும்புக்குப் போகும் வாகனம் புத்தளத்திலிருந்து பத்தரைக்குப் புறப்படும். எங்கள் வாகனமோ கராஜில். நான் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பறந்தேன்.

வெள்ளை ரெஜிபோம் குளிர்ப்பெட்டியோடு காலையில் இந்த ரோட்டில் பறப்பவன் யார் என்று குடாநாட்டில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நுரைச்சோலை தாண்டுவதற்குள் மூன்று பேர் கை காட்டினார்கள். நாலாவதாக ஓர் அம்மா தட்டத்தோடு நடு ரோட்டுக்கே வந்துவிட்டார். "பாரை இருக்கா மகன்?" என்றார். மீனில்லை என்றேன். ஐஸ்கிறீமா என்றார். அதுவும் இல்லை, அரசாங்க வேலை என்றேன். அவர் பெட்டியையும் என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மீனுமில்ல, ஐஸ்கிறீமுமில்ல எண்டா, அரசாங்கம் என்னத்தப் பழுதாகாம வெச்சிக் கொண்டு போகுது?"

ஒரு கட்டில், இரண்டு பேர்

இரண்டாம் நாள் முடிவு வந்தது. எம்பொக்ஸ்தான். நிஜாம் தனி அறையில். நான் கண்ணாடி யன்னலுக்கு வெளியே. இரண்டு பேரும் தொலைபேசியில் பேசினோம். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். கேட்டேன். அங்கே யாருடனாவது நெருக்கமாக இருந்தாரா என்று. மனிதர் தலை குனிந்துகொண்டார். ஊரில் அதற்குள் கதை பரவிவிட்டது, அது கெட்ட வழியில் மட்டும் வரும் வருத்தம் என்று. "ரிஸ்னா என்ன நினைப்பா சேர்" என்று மனைவியின் பெயரைச் சொல்லி அழுதார்.

நான் விடவில்லை. தோலோடு தோல் உரசினால் வரும், அது எந்த உரசலாக இருந்தாலும் சரி. கொப்புளம் வந்தவர் படுத்த விரிப்பிலும், துடைத்த துவாயிலும் இருந்தும் வரும். அப்படி ஏதாவது உண்டா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். அறையில் கூட இருந்த சமையல்காரருக்கு உடம்பெல்லாம் பரு என்றார். எவ்வளவு தள்ளிப் படுத்தீர்கள் என்றேன். தள்ளியா? அவருக்கு இரவு வேலை, இவருக்குப் பகல் வேலை, கட்டில் ஒன்றே ஒன்று. நான் யன்னலைத் தட்டித் துள்ளினேன். நிஜாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவர் எழும்ப நான் படுப்பேன் சேர். கட்டில் சூடே ஆறாது, பெட்ஷீட் மாத்த எங்க நேரம்?"

மாமியாருக்கும் ஒரு இடம்

காய்ச்சல் தொடங்கிய அன்றைக்கு நிஜாம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். முஸ்லிம் கல்யாணத்தில் சஹன் சோறு. பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து உண்பார்கள். மற்ற ஐந்து பேரையும் கண்டுபிடித்து, இருபத்தொரு நாள் காய்ச்சல், பரு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் நாள் கேட்டபோது ஒருவரும் அந்தச் சஹனில் இல்லை. நிஜாம் தனியாக ஆறு பேர் சோற்றையும் தின்றுவிட்டார் என்றே எழுத வேண்டிய நிலைமை.

மறுநாள் யாரோ, பட்டியலில் இருப்பவருக்கு வேலைக்கு லீவுக் கடிதம் தருகிறார்களாம் என்று கிளப்பிவிட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சுகமாக இருப்பவர் வேலைக்குப் போகலாம். ஆனால் மாலைக்குள் அந்த ஒரு சஹனில் பதின்மூன்று பேர் சாப்பிட்டிருந்தார்கள். உண்மையான ஐவரைப் பிரித்தெடுத்து முடிக்கும்போது ஐந்தாமவர் என் காதருகே குனிந்தார். "என்ட மாமியாரையும் சேத்து எழுதுங்க சேர், இருபத்தொரு நாளைக்கு எங்கட வீட்டுப் பக்கம் வரமாட்டா."

கொடியில் இல்லாத போர்வை

அன்றைக்கே நிஜாமின் வீட்டுக்குப் போனேன். அவருடைய உம்மா மட்டும் இருந்தார். கையுறை போட்டுக்கொண்டு, நிஜாம் பாவித்த துணிகளை உதறாமல் எடுத்து, வெந்நீரில் சவர்க்காரம் போட்டுத் துவைக்கும் முறையைக் காட்டினேன். விரிப்பு, தலையணை உறை, சாரம் இரண்டு, துவாய். எல்லாம் வந்தன. காய்ச்சலோடு என்ன போர்த்தினார் என்று சும்மாதான் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வெல்வெட் போர்வையாம், புலிப்படம் போட்டது. அது எங்கே?

நிஜாமுக்குக் கொப்புளம் கண்டதும் மருமகள் ரிஸ்னா, பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்று அன்றைக்கே தூக்கிக்கொண்டு எலுவன்குளத்தில் இருக்கும் தன் ராத்தா, அதாவது அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அது எனக்கு முன்பே தெரியும், நல்ல வேலை செய்தார் என்று பாராட்டிக் குறிப்பும் எழுதியிருந்தேன். உம்மா சொன்னதைக் கேட்டதும் என் கையிலிருந்த பேனை கீழே விழுந்தது. "எலுவன்குளம் காட்டோரம் மகன், விடியக் குளிரும். அதான் நான் புள்ளைய அந்தப் போர்வையிலயே நல்லாச் சுத்திக் குடுத்த."

சின்னச் சின்னச் சிவப்பு

டொக்டர் மிஸ்ஸும் நானும் கராஜிலிருந்து திரும்பியிருந்த ஜீப்பில் புறப்பட்டோம். இப்படி ஒரு பயணம் பதினெட்டு வருஷத்தில் போனதில்லை. காட்டோரத்தில் ஒரு யானை ரோட்டின் நடுவில் நின்று இருபது நிமிஷம் எங்களை வேடிக்கை பார்த்தது. கைக்குழந்தைக்கு இந்த வருத்தம் வந்தால் பெரியவர்களைப் போல இலேசில் விடாது. அது தெரிந்தபின் முதல் நாள் பட்ட சந்தோஷத்தை நினைக்கவே எனக்குக் கூசியது.

ராத்தா வீட்டுக் கூடத்தில் புலிப்படம் விரித்திருந்தது. அதன்மேல் பிள்ளை கைகாலை ஆட்டிச் சிரித்துக்கொண்டு கிடந்தாள். கழுத்திலும் வயிற்றிலும் சின்னச் சின்னச் சிவப்பு. டொக்டர் மிஸ் கவசமெல்லாம் அணிந்து பிள்ளையைத் தடவிப் பார்த்தார். காய்ச்சலில்லை, நெறியில்லை, உள்ளங்கை சுத்தம். ஆனாலும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வருத்தம் இதல்ல என்று, நீர் கோத்திருந்த ஒரே ஒரு பருவைத் தேடிப் பிடித்துக் குச்சியால் தேய்த்தார். பிள்ளை வீறிட்டாள். நான் போர்வையை உதறாமல் சுருட்டிப் பைக்குள் போட்டுக் கட்டினேன். ரிஸ்னா சுவரோடு சாய்ந்து நின்றார், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "தொத்தாம இரிக்கத்தானே சேர் இவ்வளவு தூரம் கொண்டு வந்த. நானே வருத்தத்தையும் சேத்துத் தூக்கிக் கொண்டு வந்திரிக்கேனே."

வெல்வெட்டின் வேலை

கொழும்பு முடிவுக்குக் காத்திருந்த அந்த இரண்டு நாளும் நான் சோறு உண்டதாக நினைவில்லை. தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் காலை ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் குடம்பி தேடி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில் டொக்டர் மிஸ்ஸின் அழைப்பு. "இல்லை" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர், கிணற்றில் பிணம் கிடக்கிறது என்று நினைத்துத் தாமும் கூச்சல் போட்டார். பயத்தில் என்னைக் கட்டிப்பிடித்தவரை நானும் சந்தோஷத்தில் கட்டிப்பிடித்தேன்.

இருபத்தொரு நாள் முடியும்வரை காலையும் மாலையும் பிள்ளையின் காய்ச்சலைப் பார்க்க வேண்டும் என்று முடிவோடு சேர்த்து எலுவன்குளத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். ரிஸ்னா அப்போதுதான் அழுதார். அப்படியானால் அந்தச் சிவப்பெல்லாம் என்ன என்று டொக்டர் மிஸ்ஸைக் கேட்டேன். அவர் சிரித்தார். "இந்த வெக்கையில எட்டு மாசப் பிள்ளைய வெல்வெட்டில சுத்தினா வேர்க்குரு வராம வேறென்ன வரும்?"

இரண்டு கைகள்

நாலாவது வாரம் நிஜாமின் பொருக்கெல்லாம் உதிர்ந்து, அடியில் புதுத் தோல் வந்திருந்தது. இனி யாருக்கும் தொற்றாது என்று டொக்டர் மிஸ் எழுதிக் கொடுத்தார். ரிஸ்னாவும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், இருவரும் சுகம். சஹன்காரர் ஐவரும் சுகம். நானே முன்னால் போய் முற்றத்தில் நின்றேன். வேலிக்கு வெளியே பாதி ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. முச்சக்கரவண்டியில் இறங்கிய நிஜாம் மகளைக் கண்டதும் நின்றுவிட்டார். கிட்டே போகவில்லை. "சேர், நீங்க முதல்ல கை தாங்க. அதுக்குப் பிறகு புள்ளையத் தொடுறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கையில் வெளிறிய தழும்புகள்.

என் கை சட்டைப் பைக்குப் போனது, பேனையைத் தேடுகிறதுபோல. அரைக் கணம்தான். நிஜாமின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. எனக்கு நெருப்பை மிதித்தது போலிருந்தது. பாய்ந்து அந்த இரண்டு கையையும் என் இரண்டு கைக்குள் பிடித்துக்கொண்டேன், விடவேயில்லை. பிறகுதான் அவர் மகளை வாங்கினார். அவள் தகப்பனின் தாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவருக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது ரிஸ்னா வேலிப் படலையடிக்கு வந்தார். கோபமில்லை, சிரிப்புமில்லை. "சேர், இனித் தொத்தாதெண்டு எங்களுக்கு நூறு தரம் சொன்னத உங்கட கைக்கும் ஒருக்காச் சொல்லி வைங்க."

கிருமி எந்தக் கட்டிலில் ஏறி, எந்தப் போர்வையில் பயணம் செய்தது என்று பதினாறு பக்கத்துக்கு நான் எழுதிய அறிக்கையை மேலிடத்தில் மெச்சினார்கள், அந்த அரைக் கணத்தில் என் கை எங்கே போனது என்பதற்கு மட்டும் அதில் இடம் போதவில்லை.