பின்னால் நடந்து திருடியது

எங்கள் நாடகத்தில் நான் மூன்றாவது திருடன். தனிப் பாட்டு கிடையாது. தலைவர் பாடினால் பின்பாட்டுப் பாட வேண்டும், அவ்வளவுதான். என் கூச்ச சுபாவத்துக்கு அது தோதாக இருந்தது. மற்றவர்கள் குரலுக்குள் என் குரல் ஒளிந்துகொள்ளும்.

முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் பழைய நாடகம் அது. திருடர்கள் பாடிக்கொண்டே சுவரேறுவார்கள், பாடிக்கொண்டே பூட்டை உடைப்பார்கள். பிடிபட்ட பிறகு போலீஸ்காரரும் சேர்ந்து பாடுவார். அறுபதுகளின் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒரு டைரக்டர் அதைப் படமாக்க வந்தார். கதாநாயகன், காதலி, போலீஸ் எல்லாம் அங்கிருந்து வந்த ஆட்கள். ஊர்க்காரர்களில் திருடர்கள் நாங்கள் நால்வர் மட்டும் தேறினோம். எங்கள் முகங்களுக்கு மேக்கப் செலவே இல்லை என்றார் டைரக்டர்.

திருடர் தலைவனாக நடித்தவரை மேடைக்கு வெளியிலும் தலைவர் என்றே கூப்பிடுவோம். வீட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியேறும்போது அவர் பாடும் பாட்டுக்காகத்தான் ஜனம் வரும். டைரக்டரோ பாட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தார். இது ஒன்றையாவது விட்டுவைக்கும்படி தலைவர் கெஞ்சினார்.

"திருடும்போது எவன்யா பாடுவான்?" என்றார் டைரக்டர்.

"பாடாமத் திருடுறவுகளத்தான் ஊருல தெனம் பாக்குறாக. அதுக்கு எதுக்குங்கய்யா டிக்கெட்டு?"

டைரக்டர் சிரித்துவிட்டார். அந்தப் பாட்டு இருக்கும் என்று வாக்கும் கொடுத்தார்.

அந்தக் காட்சியை எடுக்க வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. மறுநாள் அவர்களுக்கு ரயில். ஒரு ஆச்சியின் வீட்டைப் பிடித்திருந்தார்கள். காரைக்குடி செக்காலையில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த அண்டாவும் குத்துவிளக்கும் வாசலில் வந்து இறங்கின. அவற்றை உள்ளே வைத்து, நாங்கள் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். விஷயம் தெரிந்ததும் ஆச்சி நிலைவாசலை மறித்து நின்றுகொண்டார். வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமான் வெளியே போனால் கூடவே லட்சுமியும் போய்விடுவாளாம். இது வாடகைச் சாமான் என்று டைரக்டர் விளக்கிப் பார்த்தார். உள்ளே வந்துவிட்டால் வீட்டுச் சாமான்தான் என்றார் ஆச்சி.

"திருடுறதுன்னா நாளைக்கு வந்து திருடிக்கங்க தம்பி. இன்னிக்கு உள்ள வாரது மட்டுந்தான்."

அதிலிருந்தே டைரக்டருக்கு யோசனை பிறந்தது. நாங்கள் சாமான்களோடு தெருவிலிருந்து பின்னால் நடந்து வீட்டுக்குள் போக வேண்டும். பிலிமைத் திருப்பி ஓட்டினால் வெளியே வருவதுபோல் தெரியும். ஆச்சிக்குப் பரம சந்தோஷம். சாமான் கொண்டுவந்து சேர்க்கும் திருடர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை. எங்களுக்குக் காபி கொடுத்தார்.

இடி தலைவர் தலையில்தான் விழுந்தது. திருப்பி ஓட்டினால் வாயசைப்புப் பொருந்தாது, அதனால் பாட்டு கிடையாது, மேளம் போட்டுக்கொள்ளலாம், வாயை மூடிக்கொண்டு நடங்கள் என்று உத்தரவு. தலைவர் தலையாட்டினார். அண்டாவைத் தலையில் ஏற்றியதும் பாட ஆரம்பித்துவிட்டார். படி தடுக்கத் தடுக்க, பின்னால் நடந்துகொண்டே, ஒரு சொல் விடாமல் பாடினார். பிலிமும் வெயிலும் அவ்வளவோடு தீர்ந்துபோயின.

படம் காரைக்குடிக்கு வந்ததும் நால்வரும் பெஞ்சு டிக்கெட்டில் போனோம். அந்தக் காட்சியில் காலில் முள் குத்திய கொக்குகள் மாதிரி நாங்கள் நடந்து வந்தோம். தலைவர் வாய் மாடு அசைபோடுவதுபோல் அசைந்தது. மேளம் மட்டும் கேட்டது. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் பார்த்தால் தலைவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

தொண்டையைச் செருமிவிட்டுப் பாட்டை எடுத்தார். பின்னாலிருந்து ஒருவர் உட்காரச் சொல்லி அதட்டினார். குரலை அடையாளம் கண்டதும் அவரே அடங்கிவிட்டார். டிக்கெட் கிழிப்பவர் டார்ச்சோடு ஓடி வந்து, வெளிச்சத்தைத் தலைவர் முகத்தில் அடித்துப் பார்த்தார்.

"முடிச்சிட்டே உக்காருங்கண்ணே," என்று சொல்லி டார்ச்சை அணைத்தார்.

பல்லவி முடிந்தது. பின்பாட்டுக்கு இடம் விட்டுத் தலைவர் காத்திருந்தார். நாங்கள் மூவரும் எழுந்தோம். திரையில் திருடர்கள் அதற்குள் தப்பித்துப் போயிருந்தார்கள். கதாநாயகன் காதலியிடம் ஏதோ உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தான். எங்களுக்கு இன்னும் இரண்டு சரணம் இருந்தது.