நன்றியுரையில் ஒரு வரி

என் கட்டுரையை எட்டாவது ஆள் மேற்கோள் காட்டியிருப்பதாகக் கைபேசி சொன்னபோது நான் பாலக்காட்டில், வேலை பார்க்கும் கல்லூரியின் ஆசிரியர் அறையில் இருந்தேன். மதங்களைப் பற்றிய ஆய்வில் எட்டு ஒன்றும் பெரிய எண்ணில்லை. ஆனால் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவள் எழுதியதை முகம் தெரியாத எட்டுப் பேர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அறையில் இருந்த எல்லாரிடமும் கைபேசியை நீட்டினேன்.

"ஏனுங்க டீச்சர், இனி எங்களோடயெல்லாம் பேசுவீங்களா?" என்றார் நல்லேப்பிள்ளியிலிருந்து வரும் பக்கத்து மேசைக்காரர்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

ஒன்பதாவது மேற்கோள் கைபேசியில் வரவில்லை.

கட்டுரை என் சித்தி வீட்டைப் பற்றியது. பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் எங்கள் லயத்தில் பல வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர். எஸ்டேட்டின் ஆள் பதிவில் ஒன்று, சபையில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று. பதிவுப் பெயரில்தான் சாதிச் சான்றிதழ். மதம் மாறியது தெரிந்தால் அது செல்லாது என்பதால் சபைப் பெயர் லயத்தைத் தாண்டாது. சித்தியின் அடுப்படியில் ஒரே படச் சட்டத்தில் முன்பக்கம் அம்மன், பின்பக்கம் சிலுவை. ஜெபக்கூட்டம் என்றால் ஒரு பக்கம், ஆபீஸ் ஆள் வந்தால் மறுபக்கம். சித்தி இரண்டு பக்கத்தையும் ஒரே துணியால் துடைப்பார்.

அந்தச் சட்டத்தைத்தான் நான் எழுதினேன். ஆட்களின் பெயர்களை மாற்றினேன், எஸ்டேட் பெயரை மறைத்தேன். கடைசியில் நன்றியுரையில், என் வழிகாட்டிக்கும் முன்னால், ஒரு வரி சேர்த்தேன்: தன் அடுப்படியை எனக்குத் திறந்துவிட்ட என் சித்திக்கு. கொழுந்து பறிக்கும் ஒருத்தி அச்சில் வரட்டும் என்ற பெருமை.

மழைக்காலத்தில் சித்தி போன் செய்தார்.

"பிள்ள, தேவிகுளம் ஆபீஸ்ல விசாரணைன்னு கடுதாசி வந்திருக்கு. உன் தங்கச்சிக்கு நர்ஸ் வேலை வந்துச்சுல்ல, அவ சர்டிபிகேட் சரியில்லன்னு எவனோ பெட்டிஷன் போட்டுருக்கான். உன் பேரும் அதுல இருக்காம்."

"என் பேரா?"

"நீ எழுதுனத வச்சிருக்காங்களாம். நல்லதுதான? நீ வந்து நமக்காகப் பேசு. படிச்சவ சொன்னா கேப்பாங்க."

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விசாரணை நாளில் மூடுபனி இறங்கியிருந்தது. சித்தி நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தார். தங்கச்சி, சித்தியின் ஒரே மகள், சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்திருந்தாள்.

"அக்கா, அந்தப் படத்தப் பத்தி எழுதலேல்ல?" என்றாள் மெதுவாக.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரியின் மேசையில் மனுவோடு என் கட்டுரையும் இருந்தது, மஞ்சள் மையால் கோடிட்டு. சட்டத்தின் இரண்டு பக்கங்களைப் பற்றிய பத்தி முழுக்க மஞ்சள். கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வரி.

"டீச்சர் எழுதியதல்லே இது?" என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

"ஆமா சார். நான்தான்."

என் குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது. அது எனக்கே கேட்டது.

"நல்ல கட்டுரையாணு." பக்கத்தைத் திருப்பினார். "இதில ஒரு சித்திக்கு நன்றி எழுதீட்டுண்டு. அடுக்களை திறந்து கொடுத்த சித்தி. அது யாரு?"

நான் வாய் திறப்பதற்குள் சித்தி ஓரடி முன்னே வந்தார்.

"என்னப் போட்டுருக்கியா பிள்ள? புஸ்தகத்துலயா?" முகமெல்லாம் சிரிப்பு. அவர் அதிகாரியிடம் திரும்பினார். "நான்தான் சார் சித்தி. எங்க வீட்டு அடுப்படியிலதான் ஒரு மாசம் உக்காந்து எழுதுச்சு. வேற யார் வீட்டுக்கும் போகல."

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். சித்தி சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டார்.

"எந்தப் பேர்ல போட, பிள்ள?" என்று சித்தி என்னைக் கேட்டார்.

தங்கச்சி ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே பனிக்குள் நடந்தாள்.